மகள் கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வருடம்: ஆர்.டி.யா, ஏலச் சீட்டா, நகைச் சீட்டா?

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். வாடகை மாதத்துக்கு ஒருமுறை, கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கல்லூரிக் கட்டணம் வருடத்துக்கு ஒருமுறை, மகள் கல்யாணம் ஆயுளுக்கு ஒருமுறை. வரவுக்கு ஒரு காலக்கணக்கு, செலவுக்கு நாலைந்து காலக்கணக்கு. வாரக்கூலி வாங்கும் குடும்பங்கள் சீட்டு, தண்டல், அடகு என்று எப்போதும் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டே இருப்பதை ஊதாரித்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது பாதி உண்மைகூட இல்லை. வரவும் செலவும் ஒரே தாளத்தில் வராததுதான் பெரிய காரணம்.

கணக்குப் போட வசதியாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அந்தம்மா அதே கம்பெனியில் செக்கிங். இருவருக்கும் சேர்த்து வாரம் 9,000 ரூபாய். மகள் கல்லூரியில் முதல் வருடம். படிப்பு முடிந்து ஒன்றிரண்டு வருடம் வேலைக்குப் போகட்டும், பிறகு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று வீட்டில் பேச்சு. ஆக, ஐந்து வருடம் இருக்கிறது. மாதம் 5,000 ரூபாய் எடுத்து வைக்க முடியும்.

எங்கே போடுவது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஏலச் சீட்டு என்பார். நகைக்கடையில் இருந்து வாரம் தவறாமல் போன் வரும். சிறுசேமிப்பு முகவர், தபால் ஆபீஸில் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பான ஆர்.டி. என்பார். ஐ.டி.யில் வேலை பார்க்கும் தம்பி மகன், மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் கட்டும் எஸ்.ஐ.பி. போடச் சொல்வான். மாமனார் மட்டும் நிதானமாக, "அதெல்லாம் அப்பப் பாத்துக்கலாம், இருக்கற நகைய வெச்சா ஆச்சு" என்பார்.

இவற்றில் எது நல்லது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. முதலில் கல்யாணச் செலவைப் பிரிக்க வேண்டும். அதில் ஒரு பகுதி தங்கம். அதன் விலை நம் கையில் இல்லை. ரூபாயில் சேர்த்துக்கொண்டே இருந்து கடைசியில் வாங்கப் போனால் இலக்கு ஓடிக்கொண்டே இருக்கும். 2025 ஜனவரியில் 57,000 சொச்சமாக இருந்த பவுன் அதே வருடம் அக்டோபரில் 90,000-ஐத் தாண்டியதைப் பார்த்தோம். இன்னொரு பகுதி ரூபாய்ச் செலவு: மண்டபம், சமையல், துணிமணி, பந்தல், போட்டோ. இதுவும் ஏறும், ஆனால் இப்படித் தாவாது. மூன்றாவது, கல்யாணத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. இந்த ஐந்து வருடத்துக்குள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுப்பார்கள், அல்லது கம்பெனியில் ஆர்டர் குறையும். அதற்கென்று தனியாக ஒன்றும் இல்லாவிட்டால் கல்யாணப் பணத்தில்தான் கை வைப்பார்கள். தங்கத்துக்குத் தங்கமாக, ரூபாய்க்கு ரூபாயாக, அவசரத்துக்கு உடனே எடுக்கிற மாதிரி. இந்த மூன்றையும் ஒரே சீட்டில் போட்டு முடிக்கப் பார்ப்பதுதான் தகராறு.

முதலில் அந்த 5,000 எங்கிருந்து வரும்?

சனிக்கிழமை 9,000 வந்ததும் 1,250-ஐ வேறொரு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். அந்தக் கணக்கில் யு.பி.ஐ. இணைக்கக் கூடாது, ஏ.டி.எம். அட்டை பீரோவில் கிடக்கட்டும். நோட்டுப் போட்டு வரவு செலவு எழுதுவதா, இப்படித் தனிக் கணக்கில் ஒதுக்குவதா என்று கேட்டால் நான் இரண்டாவதையே சொல்வேன். நோட்டு எழுதுகிற பழக்கம் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடும். இருபது ரூபாய் டீக்கும் பத்து ரூபாய் கொத்தமல்லிக்கும் ஸ்கேன் பண்ணிக் கொடுத்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து அதையெல்லாம் எழுதப் பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்தவருக்குத் தெம்பு இருக்காது. மிச்சமான 7,750-க்குள் வாரத்தை ஓட்டுவது கஷ்டம்தான், ஆனால் அதற்கு நோட்டு தேவையில்லை.

வாரச் சம்பளத்தில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. வருடத்துக்கு 52 சனிக்கிழமை. மாதம் நான்கு என்று வீட்டுச் செலவைக் கட்டினால் 48 போக நான்கு சனிக்கிழமை உபரி. ஐந்து சனி வரும் மாதங்களில் அந்த ஐந்தாவது சம்பளத்தைத் தொடாமல் வைத்தால் வருடத்துக்கு 36,000 ரூபாய். அவசர நிதி இதுதான். சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கட்டும், வட்டியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிற கம்பெனியாக இருந்தால் (மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, நம் பங்கு 0.75 சதவீதம்தான்) குடும்ப ஆட்களின் பெயரெல்லாம் அட்டையில் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். காண்ட்ராக்ட், பீஸ் ரேட் என்று இதைத் தட்டிக்கழிக்கும் இடங்களில் வேலை என்றால் மருத்துவக் காப்பீட்டுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கியாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பது இப்போது கொஞ்சம் ஆறுதல்.

அஞ்சலக ஆர்.டி.

சுவாரசியமே இல்லாத திட்டம். அதுதான் அதன் பலம். ஐந்து வருடம், 60 தவணை, 2023 அக்டோபரிலிருந்து வட்டி 6.7 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டுவட்டி. மாதம் 5,000 கட்டினால் மூன்று லட்சம் கட்டியிருப்போம். முடிவில் கைக்கு வருவது 3,56,830 ரூபாய்க்குப் பக்கத்தில். மாதம் 1,000 என்றால் 71,366. மகளிர் உரிமைத் தொகையை அப்படியே ஆர்.டி.யில் போடுகிற பெண்களுக்கு ஐந்து வருடத்தில் வரும் தொகை இது. கணக்குத் தொடங்கும்போது இருந்த வட்டி கடைசி வரை மாறாது. பொறுப்பு மத்திய அரசுடையது.

ஒரு தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதம், அவ்வளவுதான். நான்கு தவணை தவறினால் கணக்கு நிற்கும். இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டினால் மறுபடி உயிர் பெறும். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்த கம்பெனிகள் ஒரு ஷிப்டுக்கு வந்தன. ஒன்றரை ஷிப்ட் சம்பளத்தை நம்பித் தவணை போட்டவர்களுக்கு அப்போதுதான் தெரியும், இரண்டு மாதம் கட்டாமல் இருந்தால் என்ன செய்வார்கள் என்பதுதான் ஒரு சேமிப்புத் திட்டத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்று.

குறை என்னவென்றால், மூன்று வருடம் ஆகும் முன் முடிக்க முடியாது. அதன்பின் முடித்தாலும், ஐந்து வருடம் நிறைய ஒரே ஒரு நாள் பாக்கி என்றாலும் சரி, சேமிப்புக் கணக்கின் 4 சதவீதம்தான் கிடைக்கும். அதனால் நடுவில் பணம் தேவைப்பட்டால் கணக்கை உடைக்காமல், 12 தவணை கட்டிய பிறகு கிடைக்கும் கடனை வாங்குவதே மேல். கட்டியதில் பாதி வரை தருவார்கள், வட்டி ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல். முகவர் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வார். அவருக்கான கமிஷனை அரசு கொடுக்கிறது, நாம் கொடுக்க வேண்டியதில்லை. பாஸ்புக்கில் மாதாமாதம் தபால் ஆபீஸ் முத்திரை விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

ஏலச் சீட்டு

இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லோருக்கும் ஆசை. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், 20 மாதம், தலைக்கு 5,000. ஞாயிற்றுக்கிழமை காலை சீட்டுக்காரர் வீட்டுத் திண்ணையில் ஏலம். ஒரு லட்சத்தில் யார் அதிக ஆயிரம் விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்கு அந்த மாதப் பணம். "பத்து" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "பதினஞ்சு." "பதினேழு." பையனுக்கு பீஸ் கட்ட வேண்டிய ஒரு அக்கா ஒரே தாவலில் "இருபத்தஞ்சு" என்பார். வீட்டிலேயே நான்கு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் பவர்டேபிள்காரர், "இருபத்தெட்டு. ஏனுங்க்கா, இந்த மாசம் விட்டுக்குடுங்க, அடுத்த மாசம் நீங்க எடுத்துக்கலாம்" என்பார். அக்கா விட மாட்டார். "முப்பது." ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்.

தள்ளு, அதாவது விட்டுக்கொடுத்த தொகை, முப்பதாயிரம். அக்காவுக்குக் கிடைப்பது 70,000. தள்ளிய 30,000-ல் சீட்டுக்காரர் கமிஷன் 5,000 போக 25,000-ஐ இருபது பேருக்கும் பிரித்தால் தலைக்கு 1,250 கசர், அதாவது கழிவு. அந்த மாதம் எல்லோரும் 3,750 கட்டினால் போதும். மாதம் போகப் போகப் பணத்தேவை உள்ளவர்கள் எடுத்து முடித்திருப்பார்கள், தள்ளு குறையும், கசரும் குறையும்.

தள்ளு முதல் மாதம் 30,000-ல் தொடங்கி, மாதாமாதம் ஒரே அளவில் இறங்கி, கடைசி மாதம் கமிஷன் மட்டும் கழிகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். கசர் எல்லாம் போக ஒவ்வொருவரும் 20 மாதத்தில் கட்டுவது 87,500. கடைசியில் எடுப்பவருக்கு 95,000 வரும். லாபம் 7,500, வருட வட்டியாகப் பார்த்தால் ஏறக்குறைய 11 சதவீதம். ஆர்.டி.யை விட நல்லாத்தானே இருக்கிறது என்று தோன்றும். சரிதான். அந்த 11 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். முதல் மாதம் எடுத்த அக்கா 70,000 வாங்கிக்கொண்டு 87,500 கட்டுகிறார். வாங்கின அன்றே முதல் தவணை போய்விடுவதால் கையில் நிற்பது 66,250 தான். இதற்கு அவர் கொடுக்கும் வட்டி மாதம் நூற்றுக்கு இரண்டேகால் ரூபாய்க்கும் மேல். வருடத்துக்கு 28 சதவீதம். அதே பணத்தை வங்கியில் நகை வைத்து வாங்கி, அதே மாதிரி மாதாமாதம் அடைத்திருந்தால் 17,500-க்குப் பதிலாக ஐந்தாயிரத்துச் சொச்சம் வட்டியோடு முடிந்திருக்கும்.

நடுவில் எடுப்பவர்கள் நிலை இன்னும் விசித்திரம். பத்தாவது மாதம் எடுத்தவருக்கு 82,000-க்குக் கொஞ்சம் குறைவாக வரும். கட்டுவது அதே 87,500. பாதிக் காலம் சேமித்தவர் அவர், பாதிக் காலம் கடன்காரர். சேமித்ததற்கு ஒன்றும் கிடைக்கவில்லை, போதாததற்கு ஐயாயிரத்துக்கு மேல் கையைவிட்டுப் போயிருக்கிறது. "சீட்டு எடுத்தேன்" என்று மகிழ்ச்சியாகச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த நடு மாதங்களில் எடுத்தவர்கள்தான்.

ஆகவே சீட்டில் லாபம் பார்ப்பவர் பணத்தேவையே இல்லாமல் கடைசி வரை காத்திருக்கிறவர். அவருக்கு ஆபத்து வேறு விதம். முன்னால் எடுத்தவர் ஓடிப்போனால், அல்லது சீட்டுக்காரரே ஓடிப்போனால், முழுக்க நஷ்டம் கடைசியில் நிற்கிறவருக்குத்தான். 1982-ஆம் வருடச் சீட்டு நிதிச் சட்டப்படி அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டு நடத்தக் கூடாது. ஒவ்வொரு சீட்டுக் குழுவுக்கும் தனியாகப் பதிவு வேண்டும். சீட்டுத் தொகைக்குச் சமமான பணத்தை வங்கியில் சீட்டுப் பதிவாளர் பெயரில் ஜாமீனாகப் போட்டிருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு கமிஷன் 7 சதவீதம் வரை எடுக்கலாம், அந்தக் கமிஷனுக்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு. திண்ணைச் சீட்டு எதிலும் இவை ஒன்றும் இருக்காது. "பத்து வருசமா நடத்தறாங்க, ஒரு ரூபா பாக்கி வெச்சதில்ல" என்பதுதான் அங்கே பத்திரம். பதினோராவது வருடம் பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் மனுவோடு நிற்பவர்களும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்.

பதிவான கம்பெனிச் சீட்டில் இந்தப் பயம் குறைவு, ஆனால் வாரக்கூலிக் குடும்பத்துக்கு இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. சீட்டு எடுத்த பிறகு மீதித் தவணைக்கு ஜாமீன் கேட்பார்கள். மாதச் சம்பளச் சான்றிதழ் உள்ள ஆட்கள் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப்பட்ட உறவுக்காரரைத் தேடிப் பிடிக்கும் வரை பணம் கம்பெனியிலேயே இருக்கும்.

என் பார்வையில் ஏலச் சீட்டு அந்தப் பவர்டேபிள்காரருக்கானது. மொத்தமாகக் கிடைக்கும் பணத்தில் ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்கிப் போட்டு, அது சம்பாதித்துத் தவணையைக் கட்டும் என்றால் 28 சதவீதமும் தாங்கும். கல்யாண மண்டபம் சம்பாதித்துத் தராது.

நகைச் சீட்டு

மாதம் 5,000, பதினோரு மாதம், 55,000. முடிந்ததும் சேதாரம் இல்லாமல் நகை. ஏன் பதினோரு மாதம்? பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்கு மேல் கம்பெனி கையில் வைத்திருந்தால் அது டெபாசிட் ஆகிவிடும், அதற்கு வேறு கட்டுப்பாடுகள் எல்லாம் வரும். அதனால் வருடத்துக்குள் முடித்துக்கொள்கிறார்கள்.

இதில் இரண்டு வகை. கட்டிய ரூபாயை அப்படியே வைத்து, கடைசி நாள் விலையில் நகை தருவது ஒன்று. ஒவ்வொரு தவணையையும் அன்றைய விலையில் கிராமாக வரவு வைப்பது மற்றொன்று. 2025-ல் முதல் வகையில் சேர்ந்தவர்கள் சேதாரத்தில் மிச்சம் பிடித்ததை விலை ஏற்றத்தில் விட்டார்கள். தங்கச் செலவுக்குத் தங்கமாகச் சேர்ப்பது என்றால் கிராம் கணக்குதான். சேரும்போதே அட்டையில் கிராம் எழுதித் தருகிறார்களா என்று கேளுங்கள்.

இனி சேதாரம். கிராம் 11,250 என்று வைத்தால் எட்டு கிராம் செயின் 90,000. சேதாரம் 14 சதவீதம் என்று பில் போட்டால் 12,600. அதற்கு மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. 3,078, மொத்தம் 1,05,678. சீட்டில் சேதாரம் தள்ளினால் 92,700. பெரிய மிச்சம்தான். ஆனால் சீட்டே போடாமல் போய், நல்ல கூட்டம் இல்லாத நாளில் கல்லாவில் இருப்பவரிடம் பேசினால் அந்த 14, பத்துக்கு இறங்கும். ஆகவே சீட்டின் உண்மையான ஆதாயம் 14 சதவீதமல்ல, நீங்கள் பேரம் பேசி வாங்கக்கூடிய பத்து. 55,000-க்கு 5,500. இதுவும் மோசமில்லை, ஒரு தவணைக்கு மேல் வருகிறது. சேதாரச் சலுகைக்கு உச்சவரம்பு இருக்கும், வேலைப்பாடு அதிகமான நகைக்கு அது போதாது, காசாகத் திருப்பித் தர மாட்டார்கள், பல கடைகளில் தங்கக் காசும் எடுக்க முடியாது.

கடை மூடினால்? 2023 அக்டோபரில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கிளை வைத்திருந்த ஒரு நகைக்கடை திடீரென்று கதவை இழுத்துச் சாத்தியபோது சீட்டு அட்டையோடு தெருவில் நின்றவர்களை எல்லோரும் பார்த்தோம். வங்கியில் போட்டால் ஆளுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நகைச் சீட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால் ஒரே கடையில் ஒரு நேரத்தில் ஒரு சீட்டு, பதினோரு மாதம் முடிந்ததும் நகையை எடுத்து வீட்டுக்கு வந்துவிடுவது என்று வைத்துக்கொள்ள வேண்டும். சந்தை வட்டிக்கு மேலே தருகிறேன், பழைய நகையைக் கொடுத்தால் வருடம் கழித்துக் கூடுதல் எடையில் தருகிறேன் என்று சொல்லும் கடைப் பக்கமே போக வேண்டாம். வாங்குகிற நகையில் ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. முத்திரை இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம்.

எஸ்.ஐ.பி. பற்றி ஒரு பத்தி போதும். தம்பி மகன் சொல்வதில் தப்பில்லை, ஆனால் அது அவனுக்குப் பொருந்துவது. பத்து, பதினைந்து வருடம் தொடாமல் விடக்கூடிய பணம் அங்கே போகலாம். முகூர்த்த நாள் குறித்த செலவுக்குப் பங்குச் சந்தை ஆகாது. 2020 மார்ச்சில் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி ஒரே மாதத்தில் 23 சதவீதம் விழுந்தது. அந்த ஏப்ரலில் தேதி வைத்திருந்தவர்களுக்குக் கல்யாணமே தள்ளிப்போய்விட்டது என்பது வேறு கதை.

சேர்க்காமல் விட்டு, கடைசியில் கடன் வாங்கினால்

மாமனார் சொன்ன "அப்பப் பாத்துக்கலாம்" வழி. நகைக்கு வருமுன் பர்சனல் லோனைப் பார்ப்போம். மூன்று லட்சம் பர்சனல் லோன், 14 சதவீதம், மூன்று வருடம் என்றால் மாதத் தவணை 10,250-க்கு மேல், வட்டி மட்டும் 69,000. முன்னால் ஐந்து வருடம் ஆர்.டி. கட்டியிருந்தால் வந்திருக்கும் வட்டி 56,800. இரண்டையும் கூட்டினால் வித்தியாசம் ஒன்றேகால் லட்சம். அதுவும் மாதம் 5,000 எடுத்து வைக்கத் திணறிய வீடு, கல்யாணம் முடிந்த மறுமாதம் 10,000 கட்டியாக வேண்டும். "பிளாட் வட்டி வெறும் 9 சதவீதம்" என்று யாராவது சொன்னால், அது அடைத்த அசலைக் கழிக்காமல் முழுத் தொகைக்கும் போடும் வட்டி, குறையும் நிலுவைக் கணக்கில் கிட்டத்தட்ட இரட்டிப்பு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நகைக்கடன் அப்படியல்ல. வங்கியில் 9 சதவீதத்தை ஒட்டிக் கிடைத்தால் நூற்றுக்கு முக்கால் ரூபாய் வட்டி. இவ்வளவு மலிவான கடன் வாரக்கூலிக்காரருக்கு வேறு எங்கும் கிடைக்காது. ரிசர்வ் வங்கியின் 2025 விதிகளில், இரண்டரை லட்சம் வரையிலான சிறு கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று வந்திருக்கிறது. அதில் ஒரு பொறியும் உண்டு. அதிகமாகத் தருகிறார்கள் என்று முழுவதும் வாங்கிவிட்டு, வருட முடிவில் மீட்க முடியாமல் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போனால், நகை பெயருக்குத்தான் நம்முடையது. மகள் கழுத்துக்குப் போக வேண்டிய நகையை மகள் கல்யாணச் சாப்பாட்டுக்கு அடகு வைப்பதில் அர்த்தமும் இல்லை. நகைக்கடனை ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வேலை இல்லாத மாதங்களுக்கும் என்று ஒதுக்கி வைப்பதே சரி.

தண்டல் பக்கம் போவதற்கு முன் ஒரு கணக்கு: 10,000 என்று சொல்லி 9,000 கொடுத்து, தினம் 100 ரூபாயாக நூறு நாள் வாங்கினால் வருட வட்டி 75 சதவீதத்துக்கு மேல். பி.எஃப். பணத்தைக் கல்யாணத்துக்கு எடுக்கலாம். ஆனால் 8.25 சதவீதம் தருகிற கணக்கை, அதுவும் இந்தக் குடும்பத்துக்கு முதுமைக்கென்று இருக்கிற ஒரே கணக்கை, எல்லாம் தீர்ந்த பிறகே தொட வேண்டும்.

மொய்யையும் இங்கேதான் சேர்க்க வேண்டும், அது வரவாகத் தெரிந்தாலும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக வைத்து, கிடா வெட்டிச் சோறு போட்டு, நோட்டில் எழுதி வாங்குவார்கள். வட்டியில்லாக் கடன் என்று அங்கே யாரும் மறைக்காமல் சொல்வார்கள். கொங்குப் பக்கம் அவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை, ஆனால் மொய் நோட்டு மொய் நோட்டுதான். ஐநூறு எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு ஐநூற்றுக்குக் குறையாமல் எழுதியாக வேண்டும். மொய்யின் நல்ல குணம், அது வரும் நேரம். சமையல்காரருக்கும் மண்டபத்துக்கும் பாக்கி தீர்க்க வேண்டிய அதே நாளில் கையில் ரொக்கமாக வரும். அந்தப் பாக்கிக்கு மட்டும் அதை நம்பலாம். நகை வாங்குவதற்கு மொய்யை நம்பிக் கடன் சொல்லி வைக்கக் கூடாது. இந்த வீட்டுக்காரர்கள் இதுவரை ஊரில் எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று பழைய நோட்டைப் புரட்டினால், எவ்வளவு வரும் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

இந்தக் குடும்பத்துக்கு நான் சொல்வது

5,000-ல் 3,000 ஆர்.டி., 2,000 கிராம் கணக்கு நகைச் சீட்டு. ஐந்தாவது சனிக்கிழமைகள் அவசரக் கணக்குக்கு. முதல் வருடமே 36,000 சேர்ந்துவிடும். இரண்டாவது வருடம் முதல் மகளின் கல்லூரிக் கட்டணத்தை அதிலிருந்தே கட்டலாம், அதற்காக ஜூன் மாதம் நகையை அடகு வைப்பது நின்றுவிடும். தீபாவளி போனஸில் பட்டாசும் துணியும் போக மிச்சத்தை நகைச் சீட்டு முதிரும் நேரத்தில் சேர்த்துப் போட்டால் கொஞ்சம் கனமான நகையாக எடுக்கலாம். இரண்டு கிராமுக்குத் தனியாகப் போய் நின்றால் சேதாரச் சதவீதம் தாறுமாறாக இருக்கும். ஏலச் சீட்டு வேண்டாம். உறவுக்காரர் நடத்துகிறார், மறுத்தால் மனஸ்தாபம் வரும் என்றால், இருப்பதிலேயே சின்னச் சீட்டில் ஒன்று சேர்ந்து, அது போனாலும் கல்யாணம் நிற்காது என்ற அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மாதம் 3,000 ஆர்.டி.யில் ஐந்து வருட முடிவில் 2,14,000 வரும். மண்டபம், சமையலுக்கு இது முழுதும் போதுமா என்றால், எத்தனை இலை போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. போதாதது மொய்யில் வரும். அதற்கும் மேல் போகும் என்றால் ஆயிரம் பேரை அழைக்கலாமா, நானூறு போதுமா என்று இப்போதே வீட்டில் சண்டை போட்டுக்கொள்ள ஐந்து வருடம் இருக்கிறது.

3,000-ஐ ஒரே கணக்காகத் தொடங்காமல் 2,000-க்கு ஒன்று, 1,000-க்கு ஒன்று என இரண்டாகத் தொடங்குவது நல்லது. மூன்று வருடத்துக்குப் பிறகு உடைத்தே ஆக வேண்டிய நிலை வந்தாலும் சின்னதை உடைத்துவிட்டுப் பெரியதைக் காப்பாற்றலாம். மண்டபத்துக்கு முன்பணம் கல்யாணத்துக்கு ஆறு மாதம், நல்ல முகூர்த்தம் என்றால் ஒரு வருடம் முன்னாலேயே கேட்பார்கள். தை மாதம் கல்யாணம் என்று எண்ணம் இருந்தால் ஆர்.டி. அதற்கு முந்தைய ஆடிக்குள்ளாவது முதிர்கிற மாதிரி தொடங்க வேண்டும். மாதத்தின் முதல் 15 நாளுக்குள் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 15-க்குள் கட்ட வேண்டும். 16 முதல் தொடங்கினால் மாதக் கடைசி வேலைநாள் வரை நேரம் உண்டு. சனிக்கிழமைச் சம்பளக்காரர்களுக்கு இரண்டாவதுதான் தோது, அதற்குள் குறைந்தது மூன்று சம்பளமாவது கைக்கு வந்திருக்கும்.